பாழ்மனையை அளந்த நகரம்

அமெரிக்க நகரங்களின் சட்டத்தொகுப்பைப் புரட்டுவோர் அங்கே பெரிய அரசியலைக் காண்பது அரிது. வீட்டு முற்றத்துப் புல் எத்தனை அங்குலம் வளரலாம், குப்பைத்தொட்டியை எந்த நேரத்தில் தெருவோரம் வைக்கலாம், ஓடாத வண்டியை எத்தனை நாள் வாசலில் நிறுத்தலாம், நடைபாதையில் விழுந்த பனியை யார் அள்ள வேண்டும், உடைந்த சன்னலை எப்போது மாற்ற வேண்டும் என்பன போன்ற சிறு செய்திகளே பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். ஆயினும் மக்களை நாள்தோறும் தொடுபவை இவைதாம். தலைநகரில் நிறைவேறும் சட்டம் ஒரு தெருவை வந்தடைய ஆண்டுகள் ஆகலாம். நகர மன்றம் இயற்றிய விதியோ சில வாரங்களில் கதவில் ஒட்டிய அறிவிப்பாகி நிற்கும்.

இவ்விதிகளுள் பெரும்பாலானவை யாரோ ஒருவர் கொடுத்த முறையீட்டில் பிறந்தவை. பொதுத்தொல்லை என்று நகரம் எதைக் கருதியதோ அதைத் தடுத்தது. தடுத்ததால் விளைந்தது என்ன என்று பின்னர் எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஒரு மாத்திரையைக் கடைக்கு அனுப்புமுன் பல கட்டங்களாகச் சோதிக்கும் நாம், ஒரு தெருவின் நலத்தை மாற்றவல்ல விதியைச் சோதனையின்றியே நடைமுறைக்கு விட்டுவிடுகிறோம். ஃபிலடெல்ஃபியா நகரம் இவ்வழக்கத்திலிருந்து விலகியது. அங்கே காலிமனைகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் பற்றிய விதிகளும் திட்டங்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலாரின் அளவுகோலின்கீழ் இருந்து வருகின்றன. அவ்வளவையில் கிடைத்த விடையை நகரங்களை ஆள்வோர் அனைவரும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தெருவைத் திருத்தியது தண்டத்தொகையின் அச்சமன்று, கூடுதல் காவலுமன்று. கதவாகவும் சன்னலாகவும் புல்லாகவும் வேலியாகவும் அங்கே வந்துசேர்ந்த பொருளே அதைத் திருத்தியது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் குழந்தைகள் அடுக்குமாடிச் சன்னல்களிலிருந்து விழுந்து இறப்பது தொடர்ந்தது. நகர நலவாழ்வுத் துறை விழுந்த குழந்தைகளின் வயது, மாடி, பருவம் ஆகியவற்றைப் பதிவு செய்தது. வீடு வீடாகச் செவிலியரை அனுப்பியது. எளிதில் பொருத்தக்கூடிய கம்பித் தடுப்புகளை ஏழைக் குடும்பங்களுக்கு இலவயமாகக் கொடுத்தது. பிராங்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையில் இத்தகைய வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. அதன் பிறகே, 1976இல், பத்து வயது வரையுள்ள குழந்தை வாழும் வீடுகளில் தடுப்பைப் பொருத்துவது கட்டட உரிமையாளரின் கடமை என்று விதி வந்தது. முதலில் பொருள், பின்பு அளவை, அதன்பின் சட்டம் என்னும் இந்த வரிசையைப் பின்பற்றிய நகரங்கள் மிகச் சில.

ஃபிலடெல்ஃபியாவின் நிலையை உணர அதன் கட்டட அமைப்பை அறிய வேண்டும். 1950இல் ஏறத்தாழ 20 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. நெசவாலைகளும் இரும்புப் பட்டறைகளும் துறைமுகமும் சூழ, தொழிலாளர்க்கெனச் செங்கல் வீடுகள் தெரு நெடுகிலும் எழுந்தன. ஒவ்வொரு வீடும் இருபுறத்து வீடுகளோடும் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். இடையில் சந்து கிடையாது. ஆலைகள் மூடின, வேலை நகரைவிட்டு வெளியேறியது, வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வங்கிகள் கடன் மறுத்தன. 2000ஆம் ஆண்டில் மக்கள்தொகை 15 இலட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விட்டுச்சென்ற வீடுகளுள் பல பூட்டியே கிடந்தன. பல இடிக்கப்பட்டு மனைகளாயின. 2010இல் வெளியான ஒரு மதிப்பீடு நகரில் 40,000 காலிச் சொத்துகள் இருப்பதாகவும், அவற்றைப் பேணவே நகரம் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கும் மேல் செலவிடுவதாகவும் கணக்கிட்டது.

கைவிடப்பட்ட வீடு எவ்வாறு சாகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். ஆளில்லாத வீட்டின் முதற்பகை நீர். கூரையின் தார்ப்பூச்சில் விரலளவு வெடிப்பு விழுகிறது. வீட்டில் ஆள் இருந்தால் முதல் மழையிலேயே மேற்கூரையின் உட்புறம் கறை தெரியும், ஏணி வைத்து அடைத்துவிடுவர். ஆள் இல்லாததால் கறை பரவுகிறது. இலை அடைத்த தாழ்வாரக் குழாய் நிரம்பி வழிந்து சுவரின் முகத்தை நனைக்கிறது. செங்கற்களுக்கு இடையிலான சுண்ணாம்புச் சாந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்காலம் வந்து அந்நீர் உறைகிறது. உறையும் நீர் தன் பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். விரிவதற்கு இடம் இல்லாததால் சாந்தை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. பகலில் உருகுகிறது, இரவில் மீண்டும் உறைகிறது. ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நிகழும். சாந்து பொடியாக உதிர, செங்கல் தனித்து நிற்கிறது.

உள்ளே மரத்தின் கதை வேறு. காய்ந்த மரத்தைப் பூஞ்சை தொடுவதில்லை. மரத்தின் எடையில் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி ஈரம் ஏறத் தொடங்கினால் ஆபத்தின் எல்லை நெருங்குகிறது; முப்பதை ஒட்டி நிலைத்துவிட்டால் மட்கச்செய்யும் பூஞ்சைகள் மரநார்களைத் தின்னத் தொடங்குகின்றன. தளத்தைத் தாங்கும் உத்தரத்தின் முனை செங்கல் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும். சுவர் நனைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாத அந்த முனைதான் முதலில் மட்குகிறது. ஒருநாள் தளம் சரிகிறது. சரியும் தளம் சுவரையும் உடன் இழுக்கிறது. வரிசை வீடுகளில் அச்சுவர் அடுத்த வீட்டின் சுவரும் ஆகும். வாடகையைத் தவறாமல் கொடுத்து, தன் பக்கத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் ஒரு மூதாட்டியின் படுக்கையறைச் சுவரில், அவர் ஒருபோதும் கண்டிராத உரிமையாளரின் புறக்கணிப்பு ஈரமாக ஊறி வருகிறது. உடைமை தனியுரிமை என்று சட்டம் சொல்லலாம். வரிசை வீட்டின் கட்டமைப்பு அதற்கு உடன்படுவதில்லை.

2011 சனவரியில் இந்நகரம் கதவு, சன்னல் விதி என்று பெயர்பெற்ற ஒன்றை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. நூற்றுக்கு எண்பது வீடுகளிலேனும் மக்கள் வாழும் தெருப்பகுதியில் ஒரு வீடு காலியாக இருந்தால், அதன் ஒவ்வொரு திறப்பிலும் திறந்து மூடக்கூடிய கதவோ கண்ணாடிச் சன்னலோ இருத்தல் வேண்டும். ஒட்டுப்பலகையை ஆணியடித்து மூடினால் போதாது. மீறினால் ஒவ்வொரு திறப்புக்கும் நாளொன்றுக்கு 300 டாலர் வரை தண்டம். எட்டுச் சன்னலும் இரண்டு கதவும் கொண்ட வீட்டுக்கு ஒரு நாள் தண்டம் 3,000 டாலர் ஆகும். உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருந்து விலையேற்றத்துக்குக் காத்திருப்பவராயின், அக்காத்திருப்பின் ஆதாயத்தை இத்தொகை சில வாரங்களில் விழுங்கிவிடும்.

ஒட்டுப்பலகையை ஏன் விலக்கினார்கள்? எனக்கு இவ்விதியின் அறிவு முழுவதும் அந்த ஒரு பிரிவிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. பலகை அடித்த வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. காற்றும் வெளிச்சமும் புகாததால் உள்ளே ஈரமும் காய்வதில்லை. பலகையின் ஒரு மூலையைப் பெயர்த்துப் புகுந்தவர் அதன் பின்னால் முற்றிலும் மறைந்துவிடலாம். கண்ணாடி பொருத்திய சன்னல் இவை அனைத்தையும் மாற்றிவிடுகிறது. உடைந்தால் உடனே தெரிகிறது. உள்ளே விளக்கு அசைந்தால் எதிர்வீட்டார் காண்கின்றனர்.

மிஷெல் கோண்டோ, ஜான் மக்டொனால்ட், சார்லஸ் பிரானஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவ்விதியின் விளைவை 2015இல் வெளியிட்டனர். 2013 ஏப்ரல் வரை 2,356 கட்டடங்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. 676 கட்டடங்களே திருந்தின. நூற்றுக்கு இருபத்தொன்பது. திருந்திய கட்டடங்களைச் சுற்றிய தெருக்களையும் திருந்தாதவற்றைச் சுற்றிய தெருக்களையும், முன்னும் பின்னுமாக ஒப்பிட்டனர். நகரம் முழுவதிலும் குற்றம் குறைந்துவந்தால் அது இருசாரார்க்கும் பொது. எனவே ஒரு சாராரின் மாற்றத்திலிருந்து மறு சாராரின் மாற்றத்தைக் கழித்து, எஞ்சுவதையே விதியின் விளைவாகக் கொண்டனர். தாக்குதல்களும் துப்பாக்கித் தாக்குதல்களும் தொல்லைக் குற்றங்களும் திருந்திய வீடுகளைச் சுற்றிக் குறைந்திருந்தன. போதைப்பொருள் விற்பனையும் சொத்துக் குற்றமும் சில இடங்களில் கூடியிருந்தன என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். இந்நேர்மை பாராட்டுக்குரியது. தெருவில் இருந்து அகற்றப்பட்ட ஒன்று வேறு உருவில் அருகே அமரக்கூடும் என்னும் எச்சரிக்கை அதில் உள்ளது.

இவ்வாய்வுக்கு ஒரு வரம்பும் உண்டு. கதவும் சன்னலும் பொருத்தியவர் யார்? பணமும் அக்கறையும் உடைய உரிமையாளர். அத்தகைய உரிமையாளர் இருக்கும் தெரு ஏற்கெனவே மேம்பட்டுவரும் தெருவாக இருக்கலாம். கழித்தல் கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் இந்த ஐயத்தை முழுமையாகப் போக்காது. போக்க ஒரே வழி, எந்த இடம் திருத்தப்படும் என்பதை உரிமையாளரும் ஆய்வாளரும் முடிவு செய்யாமல் குலுக்கலுக்கு விடுவது.

அக்குலுக்கலுக்குள் நுழையுமுன், இத்துறையில் எவரும் தவிர்க்க முடியாத ஒரு கருத்தைப் பேசியாக வேண்டும். 1969இல் உளவியலார் ஃபிலிப் சிம்பார்டோ எண்பலகை இல்லாத இரண்டு கார்களை, ஒன்றை பிராங்ஸிலும் மற்றொன்றைக் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலும், விட்டுவைத்தார். முதலாவது ஒரு நாளுக்குள் உரிக்கப்பட்டது. இரண்டாவதை ஒரு வாரத்துக்கு மேல் எவரும் தொடவில்லை. அவரே சுத்தியலால் அதை அடித்த பின்னரே பிறரும் கைவைத்தனர். 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய ஒரு கட்டுரை இதிலிருந்து உடைந்த சன்னல் கோட்பாட்டை உருவாக்கியது: திருத்தப்படாத ஓர் உடைப்பு, கவனிப்பார் இல்லை என்று அறிவிக்கிறது, அவ்வறிவிப்பைக் கண்டு பெருங்குற்றம் வருகிறது என்பது அதன் சாரம். 2008இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்த சோதனைகள் இதன் ஒரு பகுதியை உறுதி செய்தன. தூய சுவரின் அருகே மிதிவண்டியில் மாட்டிய துண்டறிக்கையை எறிந்துவிட்டுப் போனவர் நூற்றுக்கு 33 பேர். அதே சுவரில் கிறுக்கிவைத்த பின் 69 பேர். ஐந்து யூரோத் தாள் தெரியுமாறு அஞ்சல்பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த உறையை எடுத்துக்கொண்டவர், பெட்டி தூய்மையாக இருந்தபோது 13 பேர். கிறுக்கப்பட்டிருந்தபோது 27 பேர். சூழலின் சீர்கேடு நடத்தையைத் தொடுகிறது என்பதை இனி மறுப்பதற்கில்லை.

ஆனால் சிறு திருட்டும் குப்பையெறிதலும் ஒன்று, துப்பாக்கி வேறு. ஆய்வாளர்கள் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீஃபன் ராடன்புஷும் சிகாகோவில் 23,000க்கும் மேற்பட்ட தெருத்துண்டுகளை மெதுவாகச் செல்லும் வண்டியிலிருந்து ஒளிப்பதிவு செய்து, கண்ணில் பட்ட சீர்கேட்டை எண்ணினர். 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சீர்கேட்டுக்கும் பெருங்குற்றத்துக்கும் இடையிலான நேரடித் தொடர்பு பெரும்பாலும் வலுவற்றது. வறுமையும், அண்டை அயலார் ஒருவரையொருவர் நம்பிப் பொதுநலனுக்காகக் குறுக்கிடும் இயல்பும்தான் இரண்டையும் தீர்மானித்தன. 2004இல் அவர்கள் காட்டியது மேலும் கலங்கச் செய்வது. ஒளிப்பதிவில் ஒரே அளவு குப்பை உள்ள இரண்டு தெருக்களில், கறுப்பின மக்களும் ஏழைகளும் மிகுதியாக வாழும் தெருவையே பார்ப்பவர் கூடுதல் சீர்கேடுடையதாகக் கண்டனர். தொல்லை என்று ஒருவர் முறையிடுவதில் அவர் கண்ணில் முன்பே படிந்த எண்ணம் கலந்திருக்கிறது. முறையீட்டை மட்டும் நம்பி நடத்தப்படும் நகர விதி இந்த எண்ணத்தையே சட்டமாக்கிவிடும்.

உடைந்த சன்னல் கோட்பாட்டுக்கு நேர்ந்த பெருந்துன்பம் இதுதான் என்று கருதுகிறேன். சன்னலைப் பற்றிப் பேசிய கோட்பாட்டைக் காவல்துறை எடுத்துக்கொண்டது. தெருவில் நின்றவரும், குடித்தவரும், பயணச்சீட்டின்றி ஏறியவரும் பிடிக்கப்பட்டனர். சன்னல் உடைந்தபடியே இருந்தது. உடைப்பைத் திருத்தினால் என்ன ஆகும் என்னும் கேள்வி மட்டும் பல ஆண்டுகள் கேட்கப்படாமல் கிடந்தது.

1827இல் தோன்றிய பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் அக்கேள்விக்கு அறியாமலே விடை சொல்லத் தொடங்கியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் நியூ கென்சிங்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் காலிமனைகளைச் சீர்செய்ய முற்பட்ட அச்சங்கம், ஒரு முறையைப் படிப்படியாக உருவாக்கிக்கொண்டது. மிக எளிய முறை அது. பழைய மெத்தை, டயர், கட்டட இடிபாடு, ஊசி எல்லாவற்றையும் அள்ளி அகற்றுவர். மேடுபள்ளத்தைச் சமன்செய்து, மண் பரப்பி, புல் விதைப்பர். சில மரக்கன்றுகளை நடுவர். மனையின் விளிம்பில் இடுப்பளவு உயரத்தில் கட்டைகளை நட்டு, குறுக்குக் கம்புகள் செருகிய மரவேலி அமைப்பர்.

இந்த வேலியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதைத் தாண்டிக் குதிக்கலாம், குனிந்து நுழையலாம், வேண்டுமென்றே விட்ட திறப்பின் வழியாக நடந்தும் செல்லலாம். ஆள் நுழைவதைத் தடுப்பது அதன் நோக்கமன்று. சரக்குந்தைப் பின்னால் நகர்த்தி இடிபாட்டைக் கொட்டுவதை மட்டும் அது தடுக்கிறது. கம்பிவலை வேலியைப் போல மறைப்பதும் இல்லை, முட்கம்பியைப் போல மிரட்டுவதும் இல்லை. இந்த இடத்தை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், நீங்களும் வரலாம் என்னும் இரண்டு செய்திகளையும் ஒருசேரச் சொல்லும் பொருளை இவ்வளவு மலிவாகச் செய்ய முடிந்தது வியப்புக்குரியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இருமுறை புல் வெட்டப்படும். ஒரு மனைக்கு ஏறத்தாழ 1,600 டாலர் தொடக்கச் செலவு. அதன்பின் ஆண்டுக்கு 180 டாலர் அளவில் பேணும் செலவு.

1999 முதல் 2008 வரை இவ்வாறு சீரான 4,436 மனைகளை ஆராய்ந்து 2011இல் பிரானஸ் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, துப்பாக்கித் தாக்குதல்கள் குறைந்ததைக் காட்டியது. ஆயினும் அதுவும் முன்னர்ச் சொன்ன ஐயத்துக்கு உட்பட்டதே. ஆகவே 2013இல் குலுக்கல் வந்தது. நகரின் 541 மனைகள், அருகருகே உள்ளவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 110 தொகுதிகளாயின. தொகுதிகள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிந்தன. ஒரு பிரிவுக்கு முழுச் சீரமைப்பு. மற்றொன்றுக்குக் குப்பை அகற்றலும் புல் வெட்டலும் மட்டும். மூன்றாவது ஒப்பீட்டுக்காக இருந்தபடியே விடப்பட்டது. பதினெட்டு மாதம் முன்னும் பதினெட்டு மாதம் பின்னும் காவல்துறைப் பதிவுகள் திரட்டப்பட்டன. அருகில் வாழ்வோரிடமும் பேட்டி எடுக்கப்பட்டது; ஆய்வு மனையைப் பற்றியது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

2018இல் முடிவு வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை நூற்றுக்கு 29 குறைந்தது. வீடு புகுந்து திருடல் ஏறத்தாழ 22, தொல்லைக் குற்றங்கள் 30 என்னும் அளவில் சரிந்தன. வெளியே செல்ல அஞ்சுவதாகச் சொன்னவர் பாதிக்கு மேல் குறைந்தனர். வெளியில் அமர்ந்து ஓய்வெடுப்பதும் பிறரோடு பேசுவதும் நூற்றுக்கு 75க்கு மேல் கூடின. அதே ஆண்டில் மருத்துவர் யூஜினியா சவுத் தலைமையில் 342 பேரின் மனநிலையை ஆராய்ந்த மற்றொரு கட்டுரையும் வெளிவந்தது. சீரமைத்த மனைகளின் அருகே வாழ்ந்தோரில் மனச்சோர்வு உணர்வு நூற்றுக்கு 41க்கு மேல் குறைந்தது. ஏழ்மைப் பகுதிகளில் 68க்கு மேல். குப்பையை மட்டும் அள்ளிய மனைகளின் அருகே இம்மாற்றம் தென்படவில்லை.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? ஒரு காரணம் வெறும் பொருளியல்பு சார்ந்தது. சட்டத்துக்குப் புறம்பான துப்பாக்கியை உடலில் வைத்துத் திரிபவர் காவலரிடம் சிக்குவார். ஆகவே அருகில் உள்ள புதரிலோ, பலகை பெயர்ந்த வீட்டினுள்ளோ அதை ஒளித்துவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்வது வழக்கம். புல் வெட்டப்பட்ட திறந்த மனையில் ஒளித்துவைக்க இடமில்லை. சச்சரவு எழும் நொடிக்கும் துப்பாக்கி கைக்கு வரும் நொடிக்கும் இடையிலான தொலைவு நீள்கிறது. பல உயிர்கள் அந்த இடைவெளியில் தப்புகின்றன. இரண்டாவது காரணம் மனிதக் கண். திண்ணையில், அங்குள்ளோர் சொல்லும் முன்படிக்கட்டில், அமர்பவர் கூடினால் தெருவைக் காண்பவர் கூடுகின்றனர். மூன்றாவது காரணம் உடலுக்குள் நிகழ்வது. 2015இல் வெளியான ஒரு சிற்றாய்வில், நெஞ்சுத் துடிப்பை அளக்கும் கருவி அணிந்த சிலர் தம் பகுதியில் நடந்தனர். சீரான மனை கண்ணில் படும்போது துடிப்பு தணிந்தது. பாழ்மனையைக் கடக்கும்போது அவ்வாறு தணியவில்லை. பாழ்மனைக்கு அருகே வாழ்வோரின் உடல் எச்சரிக்கையில் இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. ஒவ்வொரு நாளும் உடலில் ஏறும் அந்த அழுத்தத்துக்கு எந்த முறையீட்டுப் படிவத்திலும் இடமில்லை.

அரைகுறைப் பேணுதல் பற்றியும் அறிவியலுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. டெட்ராய்ட்டில் காலிமனைகளை ஆராய்ந்த சூழலியலார், தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பும் மகரந்தத்தைத் தரும் ராக்வீட் என்னும் களை எங்கே மிகுதி என்று பார்த்தனர். ஆண்டுக்கு ஒருமுறையோ ஈராண்டுக்கு ஒருமுறையோ வெட்டப்படும் மனைகளில்தான் அது மிகுந்திருந்தது. முற்றிலும் வெட்டாத மனைகளில் நீடுவாழ் செடிகள் வளர்ந்து அதற்கு ஒளி கிடைக்காமல் மூடிவிடுகின்றன. அடிக்கடி வெட்டும் மனைகளில் அது பூக்கும் அளவுக்கு வளர்வதில்லை. கிளறிய மண்ணில் முதலில் குடியேறும் ஓராண்டுச் செடி அது. முறையீடு வந்தால் மட்டும் ஆளை அனுப்பி ஒருமுறை வெட்டும் நகரம், நல்லெண்ணத்தோடே அக்களையை வளர்த்துவருகிறது. புல்லின் உயரத்தை அங்குலத்தில் குறிக்கும் விதிகளுள் எத்தனை, வெட்டும் இடைவெளியைக் குறிக்கின்றன?

உரிமையாளரே மறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் காட்டியது. 2007இல் வீட்டுக்கடன் நெருக்கடியால் அங்கே கடன் தவணை தவறிய அறிவிப்புகள் நூற்றுக்கு 300 கூடின. பூட்டிய வீடுகளின் பின்புறத்து நீச்சல்குளங்களில் குளோரின் இல்லாமல் நீர் பச்சையாகத் தேங்கியது. கியூலெக்ஸ் கொசுக்கள் அதில் பெருகின. நம்மூர்ச் சாக்கடைகளில் பெருகி இரவில் கடிக்கும் கொசுவும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே. அக்கோடையில், கொசுவால் பரவும் மேற்கு நைல் காய்ச்சல் நூற்றுக்கு 276 கூடியது. அண்டை வீட்டாரின் முறையீட்டுக்கு நகரம் அறிவிப்பு அனுப்பலாம். பெற்றுக்கொள்ள அவ்வீட்டில் ஆளில்லை. குளத்தில் மருந்தோ கொசுப்புழு தின்னும் மீனோ விட்டவரே அங்கு நோயைத் தடுத்தார்.

மனைக்கு நடந்த குலுக்கல் பின்னர் வீடுகளுக்கும் நடந்தது. ஃபிலடெல்ஃபியாவின் கைவிடப்பட்ட 258 வீடுகள் 63 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவு வீடுகளுக்குப் புதிய கதவும் சன்னலும் பொருத்தி, முகப்பையும் முற்றத்தையும் தூய்மை செய்தனர். மற்றொரு பிரிவில் சுற்றுப்புறக் குப்பையை மட்டும் அகற்றினர். மூன்றாவது பிரிவில் எதுவும் செய்யவில்லை. 2022இல் வெளியான முடிவில், முழுமையாகத் திருந்திய வீடுகளைச் சுற்றித் துப்பாக்கித் தாக்குதல்கள் நூற்றுக்கு 13 அளவிலும், படைக்கலக் குற்றங்கள் 8 அளவிலும், சுடப்பட்டோர் எண்ணிக்கை 7 அளவிலும் ஒப்பீட்டளவில் குறைந்தன. போதைப்பொருள் தொடர்பானவற்றில் மாற்றமில்லை. குப்பையை அள்ளியதால் மட்டும் வன்முறை குறையவில்லை என்பதை இங்கே காண்கிறோம். 2011 விதியின் உள்ளுணர்வு சரியே என்பதும் இதனால் உறுதியாயிற்று.

உள்ளுணர்வு சரி, ஆனால் கருவி? அறிவிப்பு பெற்ற பத்து வீடுகளில் ஏழு திருந்தவில்லை என்பதை மறவாதிருப்போம். திருத்தாதவருள் பேராசைக்காரர் உண்டு. அவர்களுக்கு 300 டாலர் தண்டம் தகும். ஆனால் தண்டம் செலுத்தவோ கூரை மாற்றவோ இயலாதவர், இன்னும் ஆள் வாழும் பழுதான வீடுகளிலும் இருக்கின்றனர். பாட்டியின் பெயரில் பத்திரம், பாட்டி இறந்து பல ஆண்டுகள், வீட்டில் வாழ்பவர் பேத்தி, உயில் பதிவாகவில்லை. இத்தகைய சிக்கலான உரிமை கொண்ட வீடுகள் ஃபிலடெல்ஃபியாவில் 10,000க்கு மேல் இருப்பதாக 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு வங்கிக்கடன் கிடைக்காது. பல உதவித் திட்டங்களும் எட்டா. அவர் வாசலில் தண்ட அறிவிப்பை ஒட்டுவது, சாகும் வீட்டை இன்னும் விரைவாகச் சாகச் செய்யும். நாளைய கைவிடப்பட்ட வீடு இவ்வாறுதான் உருவாகிறது.

பணத்தின் பக்கமும் பார்ப்போம். பிரானஸும் உடனாய்வாளரும் 2016இல் செய்த கணக்கின்படி, கைவிடப்பட்ட கட்டடத்தில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் துப்பாக்கி வன்முறை குறைவதால் வரிசெலுத்துவோர்க்கு 5 டாலரும் சமூகத்துக்கு 79 டாலரும் மீள்கின்றன. காலிமனையில் இவை முறையே 26 டாலர், 333 டாலர். மருத்துவமனையில், நீதிமன்றத்தில், சிறையில், இழந்த உழைப்பில் செலவாகாமல் மிஞ்சும் தொகை இது. எனவே நகரமே செலவிட்டுத் திருத்துவதை அருட்கொடை என்று கருத வேண்டியதில்லை.

ஃபிலடெல்ஃபியா நகரம் குறைந்த வருவாயுடைய வீட்டுரிமையாளர்க்குக் கூரை, மின்கம்பி, வெப்பமூட்டி, குழாய் ஆகியவற்றைப் பழுதுபார்த்துத் தரும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. இத்திட்டத்தைப் பற்றிய ஆய்வு நடந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு 20,000 டாலர் வரை நகரமே செலவிட்டது. இத்திட்டத்தில் தண்டமில்லை, காவலரில்லை. முகப்பை அழகுபடுத்துவதும் அதன் நோக்கமன்று. குழாயில் நீர் வர வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, அவ்வளவே. இத்திட்டத்தின்கீழ்ப் பழுதுபார்க்கப்பட்ட 13,632 வீடுகளை ஆராய்ந்து யூஜினியா சவுத்தும் உடனாய்வாளரும் 2021இல் வெளியிட்ட கட்டுரை, அவ்வீடுகள் இருந்த தெருப்பகுதிகளில் மொத்தக் குற்றம் நூற்றுக்கு ஏறத்தாழ 22 குறைந்திருந்ததைக் காட்டியது. ஒரே தெருப்பகுதியில் பழுதுபார்த்த வீடுகள் கூடக் கூடக் குறைவும் மிகுந்தது. இது குலுக்கல் முறையில் நடந்த சோதனை அன்று. விண்ணப்பித்தவர் வீடுகளையே பார்த்த ஆய்வு. மனைக்கும் பாழ்வீட்டுக்கும் செய்ததைப் போல, ஒழுகும் கூரைக்கும் குலுக்கல் இட்டு அளந்து பார்க்கும் சோதனையை அந்நகரம் அடுத்துச் செய்ய வேண்டும். தண்டமாக வந்த பணத்தின் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.